நரம்பு நஞ்சைத் தேட எந்த உயிரில் தொடங்குவது?

கொழும்பில் ஒரு சிறிய ஆய்வுகூடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் குளிர்சாதனப் பெட்டியில் சில மூலிகைச் சாறுகளும், சில பீடைகொல்லிகளும், இரசாயனவியல் துறையில் புதிதாகத் தொகுக்கப்பட்ட சில மூலக்கூறுகளும் சோதனைக்குக் காத்திருக்கின்றன. இவற்றில் எவை நரம்புத் தொகுதியைப் பாதிக்கின்றன என்று அறிய வேண்டும். எல்லாவற்றையும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப் பணமும் இல்லை, மனமும் இல்லை. நூற்புழு, சீப்ரா மீனின் முட்டை, வளர்ப்பூடகத்தில் வளரும் மனித நரம்புக் கலங்கள், எலி ஆகிய நான்கில் எதில் தொடங்குவது?

பட்டப்பின் படிப்பு மாணவர்கள் இதைக் கேட்கும்போது நூற்புழு என்று நான் தயங்காமல் சொல்கிறேன். அத்துடன் ஒரு நிபந்தனையையும் சேர்த்தே சொல்கிறேன்: புழுவில் பாதிப்புத் தெரிந்தால் அந்தச் சேர்வையைத் தொடர்ந்து ஆராயுங்கள், ஒன்றும் தெரியாவிட்டால் அது பாதுகாப்பானது என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். இந்த நிபந்தனை ஏன் தேவை என்பதை விளக்கத்தான் கட்டுரையின் பெரும்பகுதி.

பெயர் சொல்லி அடையாளம் காணக்கூடிய 302 கலங்கள்

சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற இந்தப் புழு முழு வளர்ச்சியிலும் ஒரு மில்லிமீற்றர் அளவுதான். பக்டீரியாக்களைத் தின்று வாழும். மனிதருக்கோ பயிருக்கோ நோய் தருவதில்லை. அதன் உடல் ஒளியை ஊடுருவ விடுவதால், உயிரோடு இருக்கும்போதே உள்ளே நடப்பதை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். 1960களில் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் இதைத் தெரிவு செய்ததற்குக் காரணம், நரம்புத் தொகுதி ஒன்றை முழுமையாக வரைந்து முடிக்கக்கூடிய அளவில் ஒரு விலங்கு வேண்டும் என்பதே. 1986 இல் அந்த வரைபடம் வெளியானது. இருபாலுடலியான வளர்ந்த புழுவுக்கு 302 நரம்புக் கலங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒவ்வொன்றும் எதோடு இணைந்திருக்கிறது என்பதற்கு ஒரு பதிவு. 1998 இல், பல்கல விலங்குகளில் முதன்முதலாக மரபுத்தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டதும் இந்தப் புழுவுக்குத்தான்.

நஞ்சைத் தேடுபவருக்கு இதனால் என்ன பயன்? எலியின் மூளையில் எங்கோ ஏதோ பாதிக்கப்பட்டிருக்கிறது என்று அறிவதற்கே திசுக்களை வெட்டிச் சாயமேற்றிப் பார்க்க வேண்டும். புழுவில் டோபமின் சுரக்கும் கலங்கள் மொத்தம் எட்டு. 1994 இல் மார்ட்டின் சால்ஃபி இதே புழுவில் செய்து காட்டிய பச்சை ஒளிர் புரத முறையால் அந்த எட்டுக் கலங்களையும் ஒளிரச் செய்யலாம். சேர்வையைக் கொடுத்து, பின்னர் ஒளிர் நுணுக்குக்காட்டியில் எத்தனை எஞ்சியிருக்கின்றன என்று எண்ணிவிடலாம். பார்க்கின்சன் நோயை ஒத்த சிதைவைத் தூண்டும் சேர்வைகளைத் தேடுபவர்களுக்கு இது பெரிய வரம்.

நம் நரம்புகள் பேசிக்கொள்ளும் இரசாயனங்களில் பல புழுவிலும் உள்ளன: அசற்றைல்கோலின், காபா, குளுட்டமேற்று, டோபமின், செரட்டோனின். எனவே பல நஞ்சுகள் நம்மில் தாக்கும் இடத்திலேயே புழுவிலும் தாக்குகின்றன. சேதன பொசுபரசுப் பீடைகொல்லிகள் இதற்கு நல்ல உதாரணம். அவை அசற்றைல்கோலினை உடைக்கும் நொதியத்தை முடக்குகின்றன. புழுவின் தசைகள் சுருங்கியபடியே நின்றுவிடுகின்றன. இவ்வகைச் சேர்வைகள் பலவற்றைப் புழுவில் தரப்படுத்தியபோது கிடைத்த நச்சுத்தன்மை வரிசை, எலிகளில் ஏற்கெனவே அறியப்பட்ட வரிசையோடு பெரிதும் ஒத்துப்போனது.

பரிசோதனைகள் எளியவை. ஒரு துளித் திரவத்தில் புழுவை விட்டு அரை நிமிடத்தில் எத்தனை தடவை உடலை வளைக்கிறது என்று எண்ணலாம். தொண்டையின் துடிப்பை எண்ணலாம். நன்றாகத் தின்னும் புழுவில் அது நிமிடத்துக்கு இருநூறைத் தாண்டும். குச்சியொன்றின் நுனியில் ஒட்டிய கண்ணிமை மயிரால் மெல்லத் தொட்டு, விலகிப் போகிறதா என்று பார்க்கலாம். டோபமின் குறையில்லாத புழு, பக்டீரியாப் படலத்துக்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறைக்கும். அது இல்லாத புழு அப்படிக் குறைப்பதில்லை. இப்படி ஒவ்வொரு நடத்தையும் ஒரு குறிப்பிட்ட நரம்புச் சுற்றைப் பற்றிச் சேதி தருகிறது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, அல்டிகார்ப் என்ற பீடைகொல்லி, லெவாமிசோல் என்ற குடற்புழு மருந்து ஆகிய இரண்டையும் கொண்டு செய்யும் சோதனை. அல்டிகார்ப்பும் அசற்றைல்கோலினை உடைக்கும் நொதியத்தைத் தடுப்பதால், நரம்பு முனையிலிருந்து அசற்றைல்கோலின் வெளிவரும் வேகத்துக்கு ஏற்பப் புழு முடங்குகிறது. லெவாமிசோல் நேரடியாகத் தசையில் உள்ள வாங்கிகளைத் தூண்டி முடக்குகிறது. நம் சேர்வையைப் பெற்ற புழுக்கள் அல்டிகார்ப்பில் தாமதமாக முடங்கி, லெவாமிசோலில் வழமை போலவே முடங்கினால், கோளாறு தசையில் இல்லை, நரம்பு முனையில் இருக்கிறது. ஏகார் தட்டு, பிளாட்டினக் கம்பி, கடிகாரம் ஆகிய மூன்றையும் கொண்டு ஒரு பிற்பகலில் இவ்வளவு நுட்பமான பதிலைத் தரும் வேறு விலங்கு எனக்குத் தெரியாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். புழு மெதுவாக அசைவது மட்டுமே நரம்புப் பாதிப்புக்குச் சான்றாகாது. சாகப்போகும் புழுவும் மெதுவாகத்தான் அசையும். கொல்லும் செறிவையும் வளர்ச்சியைக் குறைக்கும் செறிவையும் முதலில் அளந்து, அவற்றுக்குக் கணிசமாகக் கீழே நடத்தை மாறுகிறதா என்று பார்த்த பின்னர்தான் நரம்பு என்ற சொல்லை எழுதலாம். மூலிகைச் சாறுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாறு பக்டீரியாவைக் கொன்றாலோ அதன் சுவையை மாற்றினாலோ புழு பட்டினி கிடக்கும். பட்டினி அதன் நடத்தையையும் ஆயுளையும் மாற்றும். வல்லாரைச் சாறு நரம்பைக் காக்கிறது என்று அறிவிக்கும் முன், கொல்லப்பட்ட பக்டீரியாவை உணவாகக் கொடுத்து அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

கொழும்பின் வெப்பமும் மின்வெட்டும்

புழுவுக்கு உகந்த வெப்பநிலை 20 பாகை செல்சியசு. 25 பாகைக்கு மேல் அதன் இனப்பெருக்கம் கெடுகிறது. கொழும்பின் அறை வெப்பநிலை ஆண்டு முழுவதும் இதைவிடக் கூடுதலாகவே இருப்பதால், சூடாக்க மட்டும் தெரிந்த சாதாரண இன்கியூபேட்டர் இங்கே உதவாது. குளிர்விக்கவும் கூடியது வேண்டும். புழு ஆய்வில் இதுவே தவிர்க்க முடியாத முதல் பெரிய செலவு. மற்றவை மலிவு: ஏகார், பெப்டோன், உப்புகள், சிறிதளவு கொலஸ்ட்ரோல், உணவுக்கு ஈகோலை பக்டீரியாவின் தீங்கற்ற ஆய்வுகூட வகை. புழு வகைகளை மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உள்ள சீனோராப்டைட்டிஸ் மரபியல் மையம் சிறு கட்டணத்துக்குத் தபாலில் அனுப்புகிறது. இறக்குமதி அனுமதிகளை மட்டும் முன்கூட்டியே பெற்றுவிட வேண்டும்.

மின்வெட்டு வந்தால் என்ன ஆகும்? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த நாட்களை எண்ணிப் பார்த்தால் புழுவின் பெருமை விளங்கும். உணவு தீர்ந்து நெருக்கடி வந்தால், இளம் புழுக்கள் டோவர் என்ற உறக்கநிலைக்குப் போய் மாதக்கணக்கில் உயிர் தாங்குகின்றன. மேலும் ஒரு பிரதியை மறை 80 பாகையில் உறையவைத்து, வேறொரு நிறுவனத்தின் ஆழ்குளிர்ப் பெட்டியிலும் வைத்துவிடலாம். இங்கே எல்லாமே அழிந்தாலும் அங்கிருந்து உருக்கி எடுத்து இரண்டு வாரங்களில் மீண்டும் தொடங்கலாம். நம் ஈரக்காற்றில் தட்டுகளில் பூஞ்சணம் பிடிப்பதுதான் அன்றாடத் தொல்லை. அதற்கும் மருந்து உண்டு: வெளிற்றியும் சோடியம் ஐதரொட்சைட்டும் சேர்ந்த கரைசல் வளர்ந்த புழுவையும் பூஞ்சணத்தையும் கரைத்துவிடும், ஓட்டுக்குள் இருக்கும் முட்டைகள் தப்பிவிடும். ஒரே வயதுப் புழுக்களைத் திரட்டும் முறையும் இதுவே.

முட்டை மூன்றரை நாட்களில் வளர்ந்த புழுவாகிறது. ஒரு புழு ஏறக்குறைய 300 முட்டைகள் இடுகிறது. திங்களன்று தொடங்கிய தொகுதி வெள்ளிக்கிழமைக்குள் 96 குழித் தட்டுகளில் இருக்கும். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

புழுவால் பார்க்க முடியாதவை

இவ்வளவு புகழ்ந்த பிறகு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புழுவின் மரபுத்தொகுதியில், மின்னழுத்தத்தால் திறக்கும் சோடியம் கால்வாய்களுக்கான பரம்பரையலகு கிடையாது. நம் நரம்புகளில் மின்கணத்தாக்கம் ஓடுவதே இந்தக் கால்வாய்களால்தான். பைரித்திரொயிட்டு வகை நஞ்சுகள் தாக்கும் முதன்மையான இடமும் இதுவே. கொழும்பு வீடுகளில் மாலையானதும் கொளுத்தும் நுளம்புச் சுருள்களிலும், டெங்கு பரவும்போது தெருக்களில் அடிக்கும் புகையிலும் இவ்வகைச் சேர்வைகள் சாதாரணம். இவற்றைக் குறைந்த செறிவில் புழுவில் சோதித்து, பாதிப்பில்லை என்று முடிவு வந்தால், அந்த முடிவுக்குப் பொருளே இல்லை. தாக்கப்படும் இலக்கு அந்த விலங்கில் இல்லவே இல்லை. டிடிற்றி முதலிய, இதே கால்வாயைத் தாக்கும் மற்றவற்றுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது தோல். புழுவின் புறத்தோல் தடித்தது. பல சேர்வைகளை உள்ளே விடாது. மருந்து போன்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளை ஆராய்ந்த 2010 ஆண்டு ஆய்வொன்றில், சூழலில் இருந்த செறிவின் பாதிக்கு மேல் புழுவின் உடலில் சேர்ந்தவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே தட்டில் நாம் ஊற்றிய செறிவு நரம்பைச் சென்றடைந்த செறிவு அன்று. பஸ் என்று தொடங்கும் பெயருடைய சில விகார (பரம்பரையலகு மாறிய) வகைகளில் தோல் எளிதில் ஊடுருவவிடும். தொடக்கத்திலேயே அவற்றில் ஒன்றையும் தருவித்துக்கொள்வது நல்லது. எது எப்படியோ, புழுவில் கிடைத்த செறிவைக் கொண்டு மனிதருக்கான அளவைக் கணக்கிடக் கூடாது.

புழுவின் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறையும் இல்லை, குருதியில் உள்ள பல பொருள்களை மூளைக்குள் விடாத, நம்முடையதைப் போன்ற குருதி மூளைத் தடுப்பும் இல்லை. நொரட்ரினலினின் இடத்தில் ஒக்டோபமின் இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் ஒரு வகை நஞ்சைப் புழுவின் பார்வையிலிருந்து மறைக்கின்றன.

இந்த மறைவு எவ்வளவு பெரியதாக இருக்கக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே நெஞ்சைச் சுடும் சான்று இருக்கிறது. 1977, 1978 ஆண்டுகளில் இலங்கையில் இருபதுக்கும் மேற்பட்ட இளம்பெண்களுக்குக் கால்களும் கைகளும் செயலிழந்தன. நிமல் சேனநாயக்கவும் ஜே. ஜெயரட்ணமும் காரணத்தைத் தேடிக் கண்டறிந்தார்கள்: பூப்படைந்த பிள்ளைகளுக்கு வழமையாகக் கொடுக்கும் நல்லெண்ணெயில் ட்ரைகிரசைல் பொசுபேற்று கலந்திருந்தது. முன்பு கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களிலிருந்து அது வந்திருக்கக்கூடும் என்று கருதப்பட்டது. உடல் தேறட்டும் என்று தாய்மார் அன்போடு ஊட்டிய எண்ணெய் அது. 1981 இல் இந்த ஆய்வு லான்செட் இதழில் வெளியானது.

இந்த நஞ்சும் பொசுபரசுச் சேர்வைதான். ஆனால் அதன் கொடுமை உடனே தெரிவதில்லை. உண்டு ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்து, உடலின் மிக நீளமான நரம்பிழைகள் நுனியிலிருந்து சிதையத் தொடங்குகின்றன. அதனால்தான் கால்கள் முதலில் விழுகின்றன. புழுவின் முழு ஆயுளே இரண்டு மூன்று வாரம். அதன் முழு உடலே ஒரு மில்லிமீற்றர். தாமதமாக, நீண்ட நரம்பில், மயலின் சூழ்ந்த இழையில் வரும் நோயை அதனிடம் எப்படிக் கேட்க முடியும்? எலியும் இதைத் தெளிவாகக் காட்டுவதில்லை. அதனால்தான் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பின் 418 ஆம் இலக்க வழிகாட்டி இந்தத் தாமத நரம்புச் சிதைவுக்கு வளர்ந்த கோழியையே கேட்கிறது. அதில் அவதானிப்பு 21 நாட்கள் நீள்கிறது. எண்ணெய்க் கலப்படத்தைத் தேடும் ஆய்வுகூடம் புழுவை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அங்கே முதல் வேலை இரசாயனப் பகுப்பாய்வு.

சீப்ரா மீன்

புழுவின் குறைகளில் பலவற்றை மீன் நிறைவு செய்கிறது. அது முள்ளந்தண்டு விலங்கு. சோடியம் கால்வாய் உண்டு, மயலின் உண்டு, மூன்றாம் நாளிலிருந்தே குருதி மூளைத் தடுப்பு உருவாகத் தொடங்குகிறது. மனிதப் பரம்பரையலகுகளில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு நிகரானது இதில் இருக்கிறது. கருவும் குடம்பியும் ஒளி ஊடுருவுபவை. 96 குழித் தட்டில் குழிக்கு ஒரு குடம்பியை விட்டு, விளக்கை மாறிமாறி ஏற்றியும் அணைத்தும் அசைவைப் படம்பிடித்தால் போதும். ஐந்தாம் நாள் குடம்பி இருளில் துள்ளியோடும், வெளிச்சத்தில் அடங்கும். இந்தப் பழக்கத்தைக் குலைக்கும் சேர்வைகள் உடனே கண்ணில் படும். நுளம்புச் சுருள் பற்றிய கேள்வி என்றால் நான் நேராக மீனுக்கே போவேன்.

வெப்பநிலையிலும் கொழும்பு மீனுக்குச் சாதகம். கருக்களுக்கு வேண்டியது 28.5 பாகை, நம் அறை வெப்பநிலையே அதற்கு அருகில் இருக்கிறது. ஆனால் முட்டை வேண்டுமானால் தாய்மீன்களை வளர்க்க வேண்டும். நீர்த்தொட்டி, வடிகட்டி, காற்றுப் பம்பி, குளோரீன் நீக்கிய நீர், 14 மணி நேர வெளிச்ச ஒழுங்கு, வார இறுதியிலும் உணவு போட ஓர் ஆள். ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய மூன்று மாதங்கள். நீண்ட மின்வெட்டில் வடிகட்டி நின்றால் அமோனியா கூடி மீன்கள் சாகும். அவற்றை உறையவைத்து மீட்க முடியாது. அலங்கார மீன் கடைகளில் சீப்ரா மீன் மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அந்த மீனின் மரபுப் பின்னணியோ, கடையில் அதற்குக் கொடுத்த மருந்துகளோ நமக்குத் தெரியாது. பழகிப் பார்க்க வாங்கலாம், வெளியிடப்போகும் தரவுக்கு வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010 ஆண்டு விதிகளின்படி, தானாக உண்ணத் தொடங்காத குடம்பி பாதுகாக்கப்பட்ட விலங்காகக் கணிக்கப்படுவதில்லை. அது ஏறக்குறைய முதல் ஐந்து நாட்கள். இங்கே எந்த வயதுக் குடம்பியானாலும் நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவதையே நான் விரும்புகிறேன்.

கலங்களும் எலிகளும்

மனித நரம்புக் கலங்களின் பலம் அவை மனிதருடையவை என்பதே. எஸ்எச்-எஸ்வை5வை என்ற கலவகையில் நரம்பிழை நீள்கிறதா, கலம் சாகிறதா, கல்சியம் எப்படிப் பாய்கிறது என்பதையெல்லாம் அளக்கலாம். ஆனால் அவை புற்றுநோய்க் கட்டியிலிருந்து வந்தவை. ரெட்டினோயிக் அமிலம் போன்றவற்றால் முதிரவைத்தால்தான் நரம்பை ஒத்திருக்கும். அவற்றுக்கு நடத்தை கிடையாது. 37 பாகை, 5 சதவீதக் காபனீரொட்சைட்டு, திரவ நைதரசன், குளிர்ச் சங்கிலி அறாமல் விமானத்தில் வரவேண்டிய கன்றுக் கருச் சீரம் எனச் செலவும் நீளும். இந்த வசதிகள் ஏற்கெனவே உள்ள ஒரு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்வதே நியாயமான வழி.

இங்கே பலரும் மறக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கேள்வி, அசற்றைல்கோலினை உடைக்கும் கோலினெசுத்தரேசு நொதியத்தைப் பற்றி மட்டும் என்றால், உயிருள்ள எதுவுமே முதலில் தேவையில்லை. 1961 இல் எல்மன் வெளியிட்ட நிறமானி முறை போதும்: நொதியம் வேலை செய்தால் கரைசல் மஞ்சளாகும், 412 நனோமீற்றரில் அளந்துவிடலாம். குளோர்பைரிபொசு போன்ற சேதன பொசுபரசுப் பீடைகொல்லிகள் ஈரல் நொதியங்களால் ஒட்சன் வடிவத்துக்கு மாறிய பின்னரே முழு வீரியம் பெறுவதால், சோதனைக்குழாயில் அவை அப்பாவிகளாகத் தோன்றிவிடும். அந்த இடத்தில்தான் உயிருள்ள புழு மீண்டும் பயன்படுகிறது. ஊட்டிய மூலச் சேர்வையே அதன் உடலில் நொதியத்தை முடக்கிக் காட்டும்.

எலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக ஒழுங்குமுறை அதிகாரிகள் கேட்பது இன்றும் பெரும்பாலும் எலியின் தரவைத்தான். மேலே சொன்ன அதே அமைப்பின் 424, 426 ஆம் இலக்க வழிகாட்டிகள் அதற்கானவை. புழுவின் நரம்புச் சோதனைக்கு அப்படியொரு வழிகாட்டி இல்லை. ஆனால் முதற்கட்டத்தில் பல சேர்வைகளை எலிகளில் ஓட்டுவது வீண் செலவு, வீண் வேதனை. நெல்லையும் பதரையும் பிரிக்கும் சுளகின் வேலையைப் புழுவிடம் கொடுத்துவிட்டு, எஞ்சும் இரண்டு மூன்றுக்கு மட்டும் எலியைக் கேட்கலாம்.

என் தெரிவு

பீடைகொல்லிகள், ஈயம், மங்கனீசு, இரசம் போன்ற உலோகங்கள், டோபமின் கலங்களைச் சிதைப்பவை, புதிய மூலக்கூறுகளின் பெருந்தொகுதி ஆகியவற்றுக்குப் புழுவில் தொடங்குங்கள். பைரித்திரொயிட்டு, வலிப்பு மருந்து, மூளைக்குள் நுழைகிறதா என்ற கேள்வி ஆகியவற்றுக்கு மீன். தாமதச் சிதைவு என்ற சந்தேகம் இருந்தால் இரண்டையும் நம்பாமல், சேர்வையின் இரசாயன அமைப்பை முதலில் பாருங்கள். நல்லெண்ணெயில் கலந்த நஞ்சும் சேர்ந்த ட்ரைஅரைல் பொசுபேற்று வகை என்று தெரிந்தாலே எச்சரிக்கைக்குப் போதுமான காரணம்.

பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், குளிர்விக்கும் இன்கியூபேட்டரும் நல்ல இருவிழி நுணுக்குக்காட்டியும் முதலில். ஒளிர் நுணுக்குக்காட்டி பக்கத்துத் துறையில் இருந்தால் நேரம் கேட்டு வாங்குங்கள், சொந்தமாக வாங்க அவசரப்பட வேண்டாம். புழு வகைகளில் பிரிஸ்டல் என்2 என்ற வழமையான இயல்பு வகை, ஊடுருவும் தோல் விகாரம், டோபமின் கலங்கள் ஒளிரும் வகை, லெவாமிசோலுக்கு அடங்காத ஒரு விகாரம் ஆகிய நான்கும் போதும். தானியங்கி அசைவுமானியை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளலாம். கைத்தொலைபேசிக் கமராவை நுணுக்குக்காட்டியில் பொருத்திப் படம்பிடித்தே முதல் தொகுதியை முடித்துவிடலாம். ஒவ்வொரு தட்டிலும் கரைப்பான் மட்டும் உள்ள குழிகளும் அல்டிகார்ப் உள்ள குழிகளும் கட்டாயம் இருக்க வேண்டும். கரைப்பானாகப் பயன்படும் டைமெதைல் சல்பொட்சைட்டு ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எண்ணுபவருக்கு எந்தக் குழியில் எது என்று தெரியாதபடி இன்னொருவர் இலக்கமிட வேண்டும்.

முடிவுகளை எழுதும்போது, பாதிப்புக் காட்டாத சேர்வைகளையும் அட்டவணையில் விடாமல் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே, அதன் இலக்கு புழுவில் இருக்கிறதா, அது உடலுக்குள் போனதா என்ற இரண்டு நிரல்கள் இருக்கட்டும். அளக்காத இடத்தில் அளக்கவில்லை என்றே எழுதுங்கள்.